மின்கம்பி எட்டாத தொலைத்தொடர்பு நிலையங்களுக்குச் சிறு காற்றாலை: தீவுக்கும் குன்றுக்கும் ஒரே தொகுப்பு பொருந்துமா?

இளமாறன் (பாயான் லெப்பாஸ், பினாங்கு) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தொலைத்தொடர்பு நிலையங்களுக்கு மின்வழங்கல் கருவிகளைப் பொருத்திப் பராமரிக்கும் ஒரு குத்தகை நிறுவனத்தில், பினாங்கில், நான் வேலை செய்கிறேன். மின்வழங்கல் நிறுவனமான தெனாகாவின் மின்கம்பி எட்டாத இரண்டு நிலையங்கள் எங்கள் பொறுப்பில் உள்ளன. ஒன்று தெரெங்கானு கரைக்கு அப்பாலுள்ள ஒரு சிறு தீவின் கிழக்கு முனையில், திறந்த கடலைப் பார்த்த பாறை மேட்டின்மீது நிற்கிறது. மற்றொன்று கெடாவின் உட்பகுதியில், காடு சூழ்ந்த ஒரு குன்றின் உச்சியில் இருக்கிறது.

இரண்டிலும் கருவிகள் ஏறத்தாழ ஒன்றே. மின்சுமை சராசரியாக 350 வாட். 550 வாட் சோலார் தகடுகள் எட்டு. 48 வோல்ட், 600 ஆம்பியர் மணி அளவுள்ள மூடிய ஈய அமில பேட்டரி. துணைக்கு ஒரு சிறு டீசல் ஜெனரேட்டர். ஆண்டின் பெரும்பகுதி சூரிய ஒளியே போதுமானதாக இருக்கிறது. தீவு நிலையத்தில் நவம்பர் பிற்பகுதியிலிருந்து ஜனவரி வரை ஜெனரேட்டர் அநேகமாக நாள்தோறும் ஓடுகிறது. அதே மாதங்களில்தான் கடல் கொந்தளித்து, படகில் டீசல் கொண்டுபோக முடியாமல் போகிறது. குன்று நிலையத்தில் சிக்கல் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் வருகிறது.

விற்பனையாளர் ஒருவர் 1 கிலோவாட் காற்றாலையை இரு நிலையங்களுக்கும் ஒரே தொகுப்பாகத் தருவதாகச் சொல்கிறார். இறக்கைச் சக்கரத்தின் விட்டம் 2.5 மீட்டர். விநாடிக்கு 2 மீட்டர் காற்றிலேயே சுழலத் தொடங்கும் என்று விளக்கத்தாளில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். தனிக் கம்பம் தேவையில்லை, இருக்கும் கோபுரத்தின் உச்சியிலேயே பொருத்திவிடலாம் என்பதும் அவருடைய யோசனைதான். எங்கள் மேலாளருக்கு இந்தத் தொகுப்பு பிடித்துவிட்டது. இவ்வளவு சிறிய காற்றாலை உண்மையில் எவ்வளவு மின்சாரம் தரும், அதைக் கோபுரத்தில் ஏற்றுவது சரியா, இருக்கும் மின்னமைப்போடு அதை இணைக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால், அவரிடம் எழுத்தில் கொடுக்க எனக்கு உதவியாக இருக்கும்.

கதிர் (செந்தூல், கோலாலம்பூர்) எழுதியது:

இளமாறன் தம்பி, சுமை, தகடு, பேட்டரி அளவுகளோடு கேட்டதால் பதிலைக் கணக்கோடு சொல்ல முடிகிறது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தீவுக்குக் காற்றாலை பொருந்தும், குன்றுக்குப் பொருந்தாது. மின்கம்பி இல்லாத ஒரு நிலையத்தை ஆண்டுச் சராசரியை வைத்துத் திட்டமிடக் கூடாது. அந்த நிலையத்தின் மிக மோசமான வாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு, சூரியன் கைவிடும் அந்த வாரத்தில் காற்று வீசுகிறதா என்று மட்டும் கேட்க வேண்டும்.

தீவை எடுத்துக்கொள்வோம். 350 வாட் சுமைக்கு ஒரு நாளைக்கு 8.4 யூனிட் (கிலோவாட் மணி) வேண்டும். எட்டுத் தகடுகள் சேர்ந்து 4.4 கிலோவாட். சாதாரண நாளில் நான்கரை மணி நேர முழு வெயிலுக்குச் சமமான ஒளி கிடைப்பதாகக் கொண்டு, இழப்புகளைக் கழித்தால், 14 யூனிட்டுக்கு மேல் வரும். அது தாராளம். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் வானம் நாள் முழுவதும் மூடிக்கிடக்கும்போது அந்த நான்கரை மணி ஒன்று அல்லது ஒன்றேகால் மணியாகச் சுருங்கிவிடும். அப்போது தகடுகள் தருவது 4 யூனிட் அளவுதான். எஞ்சிய நான்கு, நான்கரை யூனிட்டுக்காகத்தான் உங்கள் ஜெனரேட்டர் ஓடுகிறது. பேட்டரியில் பாதியை மட்டும் பயன்படுத்துவதாக வைத்தால் அதில் இருப்பது 14 யூனிட். மூன்று நாள் தாங்கும், அடைமழை அதற்குமேல் நீடித்தால் தாங்காது.

இனி காற்றுக்கு வருவோம். காற்றிலுள்ள ஆற்றல் அதன் வேகத்தின் மூன்றாம் படியைப் பொறுத்தது. வேகம் இரு மடங்கானால் ஆற்றல் எட்டு மடங்காகும். அதில் 59.3 விழுக்காட்டுக்கு மேல் எந்தச் சக்கரத்தாலும் எடுக்க முடியாது என்று ஜெர்மானிய இயற்பியலாளர் ஆல்பர்ட் பெட்ஸ் நூறு ஆண்டுகளுக்கு முன்பே கணித்துக் காட்டிவிட்டார். இந்த அளவுள்ள காற்றாலைகளில், கம்பியிலும் பேட்டரிக்கு மின்னேற்றத்தைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலரிலும் போவது போக, 20 முதல் 25 விழுக்காடு பேட்டரிக்கு வந்து சேர்ந்தாலே அது நல்ல கருவி. 2.5 மீட்டர் விட்டமுள்ள சக்கரம் ஏறத்தாழ 4.9 சதுர மீட்டரைத் துழாவுகிறது. விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் அந்தப் பரப்பின் வழியே போகும் காற்றில் இருப்பது 77 வாட். உங்கள் பேட்டரிக்குக் கிடைப்பது 20 வாட்டைத் தாண்டாது. 6 மீட்டர் வேகத்தில் அது 150 வாட் ஆகும். 12 மீட்டர் வேகத்தில்தான் 1 கிலோவாட் வரும். விளக்கத்தாளில் அச்சிட்டிருக்கும் 1 கிலோவாட் அநேகமாக அந்த வேகத்துக்குரியதுதான். அதை எந்த வேகத்தில் அளந்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

சுழலத் தொடங்கும் வேகத்தைப் பற்றிய விளம்பரத்துக்கு மதிப்பே கொடுக்காதீர்கள். 2 மீட்டர் வேகக் காற்றில் ஒரு சதுர மீட்டருக்கு நாலரை வாட்தான் இருக்கிறது. சக்கரம் சுழல்வதைக் கண்ணால் பார்க்கலாம். கண்ட்ரோலர் தனக்கே எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தைக்கூட அது ஈடுகட்டாது.

தீவின் அதிர்ஷ்டம் எங்கே இருக்கிறதென்றால், சூரியன் மறையும் அதே மாதங்களில் அங்கே காற்று எழுகிறது. நவம்பர் முதல் மார்ச் வரை கிழக்குக் கரையில் 10 முதல் 20 நாட் வரையிலான நிலையான காற்று வீசும் என்றும், வடக்கிலிருந்து குளிர்க்காற்று பாய்ந்து வரும் நாள்களில் அது 30 நாட்டையும் தொடும் என்றும் மலேசிய வானிலை ஆய்வுத் துறை விவரிக்கிறது. 10 நாட் என்பது விநாடிக்கு 5 மீட்டருக்குச் சற்று மேல். பாறை முனையில், மரங்களுக்கு மேலே, பருவச் சராசரி 6 மீட்டர் கிடைக்குமானால், வேகம் ஏறி இறங்குவதால் வரும் கூடுதலையும் சேர்த்து, நாளைக்கு 4 முதல் 6 யூனிட் வரை எதிர்பார்க்கலாம். உங்கள் பற்றாக்குறையும் அதே அளவுதான். ஏப்ரலுக்குப் பிறகு அதே காற்றாலை நாளைக்கு அரை யூனிட் தந்தாலும் கவலைப்பட வேண்டியதில்லை. அப்போது வெயில் இருக்கிறது.

நம் நாட்டில் நடந்த காற்றாலை முயற்சிகளில் முக்கியமானவை தென் சீனக் கடல் பக்கமாகவே இருந்ததற்கும் இதுதான் காரணம். தெரும்பு லாயாங்-லாயாங் தீவில் 150 கிலோவாட் காற்றாலை ஒன்று நிறுவப்பட்டது. பெர்ஹெந்தியான் தீவில் 2007இல் 100 கிலோவாட் காற்றாலைகள் இரண்டு, சூரிய மின்சாரத்தோடும் டீசலோடும் சேர்த்து அமைக்கப்பட்டன. உங்கள் நிலையம் அவற்றோடு ஒப்பிட முடியாத அளவு சிறியது என்றாலும், பருவத்தைப் பற்றிய கணக்கு ஒன்றே.

கெடா குன்றின் நிலை வேறு. செப்டம்பர், அக்டோபரில் மேற்குப் பகுதியில் மேகம் சேர்வது பருவங்களுக்கு இடைப்பட்ட மாற்றத்தாலும் பிற்பகல் இடிமழையாலும். அந்த நாள்களில் காற்று வலுவின்றித் திசை மாறி மாறி வீசும். இடிமழைக்கு முன் சில நிமிடங்கள் மட்டும் சுழற்றி அடிக்கும். அந்தச் சில நிமிடங்கள் காற்றாலைக்கு ஆபத்தைத் தருமே தவிர மின்சாரத்தைத் தராது. போதாததற்கு, 150 மீட்டர் சுற்றளவில் உள்ள எந்தத் தடையையும்விடச் சக்கரத்தின் அடிவிளிம்பு 10 மீட்டர் உயரமாக இருக்க வேண்டும் என்பது சிறு காற்றாலைகளுக்கான நடைமுறை விதி. 30 மீட்டர் மரங்கள் சூழ்ந்த குன்றில் அதற்கு 40 மீட்டருக்கு மேல் கம்பம் வேண்டும். அந்தச் செலவில் ஒரு பகுதியைக் கொண்டே கூடுதல் தகடுகள் போட்டுவிடலாம். அதற்கும் முன்னதாக, இருக்கும் தகடுகளின்மீது எந்த மரத்தின் நிழல் எந்த மணிக்கு விழுகிறது என்று ஒரு நாள் முழுவதும் நின்று பாருங்கள்; ஒரே ஒரு தகட்டின் ஓரத்தில் விழும் நிழல் அதனோடு தொடராக இணைந்த தகடுகளின் உற்பத்தியையும் சேர்த்துக் குறைத்துவிடும்.

மின்மணி (அம்பாங், சிலாங்கூர்) எழுதியது:

வணக்கம் இளமாறன். கதிர் அண்ணன் ஆற்றல் கணக்கைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் மின்வழங்கல் வடிவமைப்பில் இருப்பவள் என்பதால், இணைப்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். தீவில் காற்றாலையை வைப்பதானால், தவறு நேரக்கூடிய இடம் பெரும்பாலும் இதுதான்.

சோலார் தகட்டைப் பேட்டரியிலிருந்து துண்டித்தால் அது சும்மா இருக்கும். காற்றாலை அப்படி இருக்காது. சுமையைத் துண்டித்தவுடன் அதைப் பிடித்து வைத்திருந்த மின்காந்த இழுவை போய்விடுகிறது. சக்கரம் கட்டுக்கடங்காமல் வேகமெடுக்கிறது, மின்னழுத்தமும் கூடவே ஏறுகிறது. அதனால்தான் பேட்டரி நிறைந்த பிறகும் உபரி மின்சாரத்தை எரித்துத் தீர்க்க டம்ப் லோடு என்னும் மின்தடைக் கட்டு வைக்கிறார்கள். 54 வோல்ட்டில் 1 கிலோவாட் என்றால் 18 ஆம்பியருக்குச் சற்று மேல். சூறைக்காற்றில் அது ஒன்றரை மடங்குவரை போகலாம் என்று எண்ணி அந்தக் கட்டின் அளவைத் தேர்ந்தெடுங்கள். அது சூடேறும் பொருள் என்பதால் பேட்டரி இருக்கும் அலமாரிக்குள் வைக்காமல், வெளியே காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள்.

பிற்காலத்தில் ஈய அமில பேட்டரியை மாற்றி லித்தியம் வைக்கும் எண்ணம் இருந்தால், ஒன்றை இப்போதே யோசித்துவிட வேண்டும். லித்தியம் பேட்டரியின் உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று, மின்னழுத்தம் வரம்பைத் தாண்டினால் யாரையும் கேட்காமல் பேட்டரியைத் துண்டித்துவிடும். அந்த நொடியில் காற்றாலைக்கு இருந்த பெரிய சுமை மறைந்து, ஏறும் மின்னழுத்தம் முழுவதும் உங்கள் ரேடியோ கருவிகளின்மீது பாயும். ஆகவே டம்ப் லோடு பேட்டரிக்கு முன்பாக, காற்றாலையின் பக்கத்திலேயே, பேட்டரி இருக்கிறதா இல்லையா என்பதைப் பொருட்படுத்தாமல் தானாக இயங்கும்படி அமைய வேண்டும்.

மின்னழுத்தத்தின் உச்ச வரம்பு அடுத்தது. தொலைத்தொடர்புக் கருவிகள் பொதுவாக 40.5 முதல் 57 வோல்ட் வரை ஏற்குமாறு ஐரோப்பியத் தரநிலையின்படி செய்யப்படுகின்றன. உங்கள் ஈய அமில பேட்டரியின் மிதவை மின்னழுத்தம், அதாவது நிறைந்த பேட்டரியை அந்த நிலையிலேயே வைத்திருக்கும் மின்னழுத்தம், 54 வோல்ட். சந்தையில் கிடைக்கும் காற்றாலைக் கண்ட்ரோலர்களில் சில வீட்டு இன்வெர்ட்டர்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. அவை 58 வோல்ட்டுக்குப் பிறகே உபரியை எரிக்கத் தொடங்கும். அந்த எண்ணை மாற்ற முடியாத கண்ட்ரோலரை வாங்காதீர்கள். சோலார் கண்ட்ரோலரின் உச்ச மின்னழுத்தத்தைக் காற்றாலையினுடையதைவிட அரை வோல்ட் குறைவாக வையுங்கள். பேட்டரி நிறையும்போது சோலார் முதலில் ஒதுங்கிக்கொள்ளும், காற்றாலை கடைசிவரை சுமையோடு இருக்கும்.

நம் துறையில் நேர்முனைதான் பூமியோடு இணைக்கப்பட்டிருக்கிறது. தொலைபேசிக் கம்பிகள் அரிக்கப்படாமல் இருக்க அந்தக் காலத்தில் செய்த ஏற்பாடு இன்றுவரை தொடர்கிறது. காற்றாலைக் கண்ட்ரோலர்கள் பலவற்றில் எதிர்முனை உலோக உறையோடு இணைந்திருக்கும். அந்த உறையை அலமாரியின் இரும்புச் சட்டத்தில் திருகினால் அதுவே குறுக்குச் சுற்று. உறையைத் தனிமைப்படுத்திவிட்டாலும் போதாது: தொலைக் கண்காணிப்புக்கான ஆர்எஸ்-485 தரவு இணைப்பின் பூமி முனை, உள்ளே எதிர்முனையோடு சேர்ந்திருக்கிறதா என்று மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். சேர்ந்திருந்தால், மெல்லிய சிக்னல் கம்பி பேட்டரியின் மின்சாரத்தைத் தாங்க நேரிடும். உள்ளீடும் வெளியீடும் மின்முறையில் தனித்திருக்கும் டிசி-டிசி மாற்றி ஒன்றை இடையில் வைப்பதுதான் நிம்மதியான வழி. அதில் சில விழுக்காடு இழப்பு ஏற்பட்டாலும் பரவாயில்லை.

காற்றாலையிலிருந்து வரும் மூன்று கட்டக் (பேஸ்) கம்பிகளையும் ஒன்றாகச் சேர்த்துச் சக்கரத்தை நிறுத்தும் பிரேக் சுவிட்ச் கம்பத்தின் அடியில், கைக்கு எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். காற்று தணிந்து சக்கரம் மெதுவாகச் சுழலும்போது மட்டும் அதைப் போடச் சொல்லுங்கள். முழு வேகத்தில் போட்டால் சுருள் எரியக்கூடும்.

சுப்பையா (பட்டர்வொர்த், பினாங்கு) எழுதியது:

தம்பிக்கு வணக்கம். 1987 ஜனவரியில் தொலைத்தொடர்புத் துறை நிறுவனமாக மாறுவதற்கு முன்பே வேலையில் சேர்ந்து, மலை நிலையங்களிலும் கோபுரங்களிலும் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். கோபுரத்தின் உச்சியில் காற்றாலையைப் பொருத்தும் யோசனையை உங்கள் மேலாளர் முதலில் கைவிட வேண்டும்.

கோபுரம் ஆண்டெனாக்களின் எடைக்கும் அவற்றின்மீது படும் காற்றின் அழுத்தத்துக்கும் கணக்கிடப்பட்டது. இந்த அளவுச் சக்கரம் விநாடிக்கு 30 மீட்டர் சூறையில், வால் மடங்கிக் காற்றின் பாதையிலிருந்து விலகித் திரும்பாமல் நேராக நின்றுவிட்டால், ஏறத்தாழ 2,000 நியூட்டன் விசையோடு உச்சியைப் பின்னுக்குத் தள்ளும். நிலையான தள்ளுவிசையையாவது பொறியாளர் கணக்கிட்டுத் தாங்கவைத்துவிடலாம். சக்கரம் ஒவ்வொரு முறை நின்று கிளம்பும்போதும் அதன் அதிர்வு கோபுரத்தின் இயல்பான அதிர்வெண்ணைக் கடந்து போகிறது. அப்படிக் கடக்கும் ஒவ்வொரு முறையும் இணைப்புகளில் உள்ள போல்ட்டுகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும், உலோகம் களைப்படையும். உங்கள் நிலையத்தில் மைக்ரோவேவ் டிஷ் இருக்குமே. 18 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் 1.2 மீட்டர் டிஷ்ஷின் கற்றை ஒரு பாகை அகலம்தான். உச்சியில் ஏற்படும் சிறு அசைவும் இணைப்பின் தரத்தில் தெரியும். மழையில் சிக்னல் ஏற்கெனவே தேய்ந்திருக்கும் பருவத்தில் அது இன்னும் மோசமாகும்.

தனிக் கம்பம் வையுங்கள். நான்கு பக்கமும் இழுவைக் கம்பி கட்டி, அடியில் கீல் வைத்து, கைவின்ச் ஒன்றைக் கொண்டு இரண்டு பேர் சாய்த்து இறக்கக்கூடியதாக அது இருக்க வேண்டும். தீவுக்குக் கிரேன் வராது. பழுது வந்தால் உச்சிக்கு ஆளை ஏற்றுவதைவிடக் கம்பத்தைத் தரைக்குக் கொண்டுவருவதே பாதுகாப்பு. கம்பம் டிஷ்ஷின் பார்வைக் கோட்டில் குறுக்கிடக் கூடாது. அதன் நிழல் தகடுகளின்மீது விழவும் கூடாது. கம்பத்தின் பூமி இணைப்பை நிலையத்தின் வளையப் பூமியோடு சேர்த்துக் கட்டுங்கள், தனியாக விடாதீர்கள். இந்த நாட்டில் இடி எவ்வளவு விழுகிறது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். கம்பத்தின் அடியிலும் கண்ட்ரோலரின் வாயிலிலும் மின்னெழுச்சித் தடுப்பான்கள் இருக்க வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு என் மனத்தில் உள்ளதையும் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு நான்கரை யூனிட் பற்றாக்குறை என்றால், சிறு ஜெனரேட்டர் குறைந்த சுமையில் திறனின்றி ஓடினாலும் நாளைக்கு மூன்று லிட்டருக்கு மேல் குடிக்காது. அறுபது நாளுக்கு 180 லிட்டர். ஒரே ஒரு 200 லிட்டர் பீப்பாயை அக்டோபரில் இறக்கி வைத்துவிட்டால் பருவம் முழுவதும் கடந்துவிடலாமே? கடல் உப்பு தின்னும் இடத்தில், சுழலும் பாகங்களைக் கொண்ட ஒரு கருவியைப் புதிதாகச் சேர்க்கத்தான் வேண்டுமா என்று நான் தயங்குகிறேன்.

இளமாறன் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. சுப்பையா ஐயாவின் கேள்வியை எங்கள் குழுவிலும் ஒருவர் கேட்டார். தீவைச் சுற்றி இருப்பது கடல் பூங்கா நீர்ப்பகுதி. பவளப்பாறைகளுக்கு மேலே எண்ணெய் கசிந்துவிடக் கூடாது என்பதற்காக, இருக்கும் தொட்டிக்கு மேல் டீசலைச் சேமித்து வைக்க நிலையத்தின் உரிமையாளர் ஒப்புக்கொள்வதில்லை. அந்தத் தொட்டி பருவத்தின் பாதிவரைதான் தாங்குகிறது. 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டுக்கு ஏறியதைப் பற்றி மேலாளர் அடிக்கடி பேசுகிறார். ஐயாவின் கணக்கைப் பார்த்தபோது, எரிபொருளின் விலையைவிட, அதைக் கொண்டுபோகும் படகும், கொண்டுபோக முடியாத நாள்களில் நிலையம் அணைந்து தீவு மக்கள் தொடர்பில்லாமல் இருப்பதும்தான் பெரிய பாடு என்பது எனக்குப் புரிகிறது.

குன்றுக்குக் காற்றாலை வேண்டாம் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். தீவைப் பற்றி எனக்கு இன்னும் ஓர் ஐயம் இருக்கிறது. அங்கேயும் காற்றாலைக்குப் பதிலாகத் தகடுகளை இரு மடங்காக்கிவிட்டால் என்ன? வேலிக்குள் இருக்கும் இடம் மிகவும் சிறியது. வெளியே பாறைச் சரிவு.

கதிர் எழுதியது:

நியாயமான ஐயம்தான். மோசமான நாளில் 4.4 கிலோவாட் தகடுகள் 4 யூனிட் தருகின்றன என்றால், இன்னும் எட்டுத் தகடுகள் இன்னொரு 4 யூனிட் தரும். பெரும்பாலான இடங்களில் நான் காற்றாலைக்குப் பதிலாக அதைத்தான் சொல்வேன். தகட்டில் சுழலும் பாகம் ஒன்றுகூடக் கிடையாது. விலையும் ஆண்டுக்கு ஆண்டு இறங்கிவிட்டது. 550 வாட் தகடு ஒன்றுக்கு ஏறத்தாழ 2.6 சதுர மீட்டர் பரப்பு. எட்டுக்கு 21 சதுர மீட்டர், ஒன்றன் நிழல் மற்றொன்றின்மீது விழாத இடைவெளி தனி. வேலிக்குள் அந்த இடம் இருந்தால் காற்றாலையை மறந்துவிடுங்கள். இல்லையென்றால், பாறைச் சரிவில் சட்டம் அடித்துத் தகடுகளை ஏற்ற வேண்டியிருக்கும். பருவக்காற்று நேராக வந்து மோதும் முனையில் அத்தனை பரப்பைத் தாங்க வலுவான நங்கூரங்கள் வேண்டும். ஒற்றைக் கம்பத்துக்கும் அதன் இழுவைக் கம்பிகளுக்கும் வேண்டியதைவிட அது பெரிய கட்டுமானம். இடம் இல்லாத காற்று முனை என்ற ஒரே காரணத்துக்காகத்தான் உங்கள் தீவில் நான் காற்றாலையின் பக்கம் சாய்கிறேன்.

சுப்பையா ஐயாவின் தயக்கத்தையும் நான் மதிக்கிறேன். டீசல் மிச்சத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் காற்றாலை தன் விலையை ஈட்டாது. அதன் பயன் ஜெனரேட்டர் ஓடும் மணிகளைக் குறைப்பதில் இருக்கிறது. 250 மணிக்கு ஒருமுறை எண்ணெய் மாற்ற வேண்டிய இயந்திரம், படகு போகாத இரண்டு மாதத்தில் அந்த எல்லையை நெருங்கிவிடுகிறது. குறைந்த சுமையில் நெடுநேரம் ஓடுவதால் எரியாத டீசல் புகைக்குழாயில் படிந்து, ஒருநாள் கிளம்ப மறுக்கும். காற்று இரவிலும் வீசும் என்பது இன்னொரு நன்மை. ஈய அமில பேட்டரி வாரக்கணக்கில் பாதி நிலையிலேயே கிடந்தால் அதன் உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளில் சல்பேட் இறுகிவிடும். இரவெல்லாம் காற்றிலிருந்து வரும் இரண்டு மூன்று ஆம்பியர் பேட்டரி இறங்குவதைக் குறைத்து, பகலில் அது நிறைந்த நிலைக்குப் போக உதவும். ஜெனரேட்டரைப் பேட்டரி 80 விழுக்காடு ஏறியதும் நிறுத்திவிட்டு, மிச்சத்தைக் காற்றுக்கும் வெயிலுக்கும் விடுமாறு கட்டுப்பாட்டை மாற்றுங்கள். கடைசி 20 விழுக்காட்டில் பேட்டரி மின்சாரத்தைச் சொட்டுச் சொட்டாகத்தான் வாங்கும்; அதற்காக டீசல் எரிப்பது வீண்.

ஜெனரேட்டரை மட்டும் எடுத்துவிடாதீர்கள். குளிர்க்காற்றின் இரு பாய்ச்சல்களுக்கு இடையில் மேகமும் விலகாமல் காற்றும் விழுந்துவிடும் நாள்கள் உண்டு.

கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது, சிறு காற்றாலைகளுக்கான ஐஇசி 61400-2 என்னும் பன்னாட்டுத் தரநிலையின்படி சோதித்த சான்றையும், அளந்து வரைந்த ஆற்றல் வளைகோட்டையும் கேளுங்கள். அந்த வளைகோட்டில் 5, 6, 7 மீட்டர் வேகங்களில் என்ன இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். உங்கள் மின்சாரம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. அதைக் காட்ட முடியாத விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம். வாங்குவதற்கு முன் ஒரு பருவம் காற்றை அளந்துவிடுங்கள். டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் உலக வங்கியும் சேர்ந்து வெளியிட்டுள்ள குளோபல் விண்ட் அட்லஸ் முதல் மதிப்பீட்டுக்கு உதவும், ஆனால் அதன் கட்டம் 250 மீட்டர் அகலமுடையது. உங்கள் பாறை மேடு முழுவதும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும்.

சுப்பையா எழுதியது:

கூடுதல் பீப்பாய் வைக்க முடியாது என்றால் என் யோசனைக்கு அங்கே இடமில்லை; கதிர் தம்பி சொல்வதை ஏற்கிறேன். அப்படியானால் போல்ட், கொக்கி, இழுவைக் கம்பியின் திருகு முதற்கொண்டு எல்லாவற்றையும் 316 தரத் துருப்பிடிக்காத எஃகில் வாங்குங்கள். நிறுவிய ஒரு மாதத்தில் இழுவைக் கம்பிகளின் இறுக்கத்தை மறுபடியும் பார்க்க வேண்டும். புதுக் கம்பி முதல் காற்றில் சற்று நீளும். ஒவ்வொரு செப்டம்பரிலும், பருவம் தொடங்குவதற்கு முன், கம்பத்தை இறக்கி இறக்கைகளின் முன்விளிம்பைக் கையால் தடவிப் பாருங்கள். மழைத்துளி அடித்து அடித்து அந்த விளிம்பு சொரசொரப்பாகிவிடும், உற்பத்தியும் குறையும். தலைப்பகுதியைக் கையால் திருப்பிப் பார்த்து, அது சுழலும் பேரிங்கில் உப்பு இறுகியிருக்கிறதா என்று சோதியுங்கள். தலை திரும்பாத காற்றாலைக்கு வால் இருந்தும் பயனில்லை.

மின்மணி எழுதியது:

அளவீட்டைப் பற்றி ஒரு சொல். காற்றுமானியின் பதிவுக் கருவியை நாள் சராசரிக்கு வைக்காமல், பத்து நிமிடச் சராசரிக்கு வையுங்கள். நாள் முழுவதும் 5 மீட்டர் வேகத்தில் ஒரே சீராக வீசும் காற்றுக்கும், பாதி நாள் 10 மீட்டர் வீசிவிட்டுப் பாதி நாள் நின்றுவிடும் காற்றுக்கும் நாள் சராசரி ஒன்றுதான். இரண்டாவதில் உள்ள ஆற்றலோ நான்கு மடங்கு. நாள் சராசரி அந்த வேறுபாட்டை மறைத்துவிடும்.

அளப்பதற்கென்று தனிக் கம்பம் இப்போது வேண்டாம். இருக்கும் கோபுரத்திலேயே, காற்றாலை வரப்போகும் உயரத்தில், வடகிழக்குப் பக்கமாக ஒரு கிடைக்கம்பியை நீட்டி அதன் நுனியில் காற்றுமானியை வைக்கலாம். அந்தக் கம்பி கோபுரத்தின் முகப்பு அகலத்தைப் போல மூன்று மடங்காவது நீண்டிருக்கட்டும். குறைவாக இருந்தால் கோபுரம் தடுத்துக் கலைத்த காற்றைத்தான் அளப்பீர்கள். அதே பதிவுக் கருவியில் சோலார் மின்னோட்டத்தையும் ஜெனரேட்டர் ஓடும் நேரத்தையும் சேர்த்துப் பதியுங்கள். ஒளியும் காற்றும் ஒரே நேரக் கோட்டில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான், மேகம் மூடிய நாள்களில் காற்று என்ன செய்தது என்பது தெரியவரும். உங்கள் மேலாளருக்குக் காட்ட வேண்டியதும் அந்த வரைபடம்தான். இவற்றையெல்லாம் அக்டோபருக்குள் பொருத்தி முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு பழுது பார்க்கப் போவதற்குப் படகு கிடைப்பது கடினம்.